சென்னை பார்க்காத பவன்

2025 ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் புரோ கபடி லீகின் 12-ஆவது சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் தெலுங்கு டைட்டன்ஸுக்கும் தமிழ் தலைவாஸுக்கும். தலைவாஸ் 38-35 என்று ஜெயித்தது. ஜெயித்த அணியின் கேப்டன் பவன் செராவத். முந்தைய இரண்டு சீசன்களில் எதிரே நின்ற டைட்டன்ஸுக்கு ஆடியவர் அவர். அதற்கும் முன்னால், 2022-ல், தலைவாஸ் அணிக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, மிச்ச சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தவர். மூன்று வருடம் கழித்துப் பழைய அணிக்கே திரும்பி, வந்த முதல் நாளே வெற்றி. தமிழ்நாட்டுக் கபடி ரசிகர்கள் இதைவிட நல்ல தொடக்கத்தை எதிர்பார்த்திருக்க முடியாது.

இரண்டே வாரத்தில் எல்லாம் மாறியது. செப்டம்பர் நடுவில் தலைவாஸ் நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி பவனை வீட்டுக்கு அனுப்பியது. அந்த சீசனின் மீதி ஆட்டங்களில் அவர் இருக்கமாட்டார் என்று அறிவித்தது. பவன் அதை மறுத்து ஒரு காணொளி வெளியிட்டார். தன் மீது சொல்லப்படுவது உண்மை என்று நிரூபிக்கப்பட்டால் இனி கபடியே ஆடமாட்டேன் என்பது அவர் நிலை. செப்டம்பர் 29 அன்று லீக் சென்னைக்கு வந்தபோது அணியை அர்ஜுன் தேஷ்வால் வழிநடத்தினார். பவன் இல்லை.

2022 சீசனில் சென்னையில் ஆட்டமே நடக்கவில்லை. பெங்களூரு, புனே, ஹைதராபாத் என்று மூன்று ஊர்களோடு லீக் சுற்று முடிந்துவிட்டது. ஆக, இந்தியாவின் மிகச் சிறந்த ரைடர்களில் ஒருவர் இரண்டு முறை தமிழ்நாட்டு அணியில் சேர்ந்தும், அந்த ஜெர்சியில் ஒரு தடவைகூடச் சென்னையில் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. முடிச்சூரில் இருக்கும் ஒருவர் தாம்பரம் போய் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிப்பன் மாளிகையைக் கடந்து நடந்தே, ஆட்டம் நடக்கும் பெரியமேட்டு அரங்கத்துக்குப் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் நடந்திருக்க வேண்டிய ஒன்று இரண்டு முறையும் நடக்காமல் போனது. ஒரு மூத்த ஆட்டக்காரர் பழைய அணிக்குத் திரும்பும்போது உண்மையில் எதற்குத் திரும்புகிறார் என்ற கேள்விக்கு இந்தக் கதையைவிடத் தெளிவான உதாரணம் நம் ஊர் விளையாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

பவன் 1996-ல் பிறந்தவர், டெல்லியின் பவானாவைச் சேர்ந்தவர். 2016-ல் பெங்களூரு புல்ஸ் அணிக்காகப் புரோ கபடியில் நுழைந்தார். 2017-ல் குஜராத்துக்குப் போனார்; அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் இடம். 2018-ல் புல்ஸ் அவரை 52.8 லட்சத்துக்கு மறுபடி எடுத்தது. பழைய அணிக்குத் திரும்புவது அவருக்கு அப்போதே பழக்கமாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அந்தத் திரும்புதல் எப்படி முடிந்தது என்பது கபடி பார்க்கிறவர்களுக்கு மனப்பாடம். 2019 ஜனவரி 5 அன்று மும்பையில் நடந்த இறுதிப் போட்டியில், தன்னை பெஞ்சில் வைத்திருந்த அதே குஜராத்துக்கு எதிராக 22 ரைடு புள்ளிகள் எடுத்தார். புல்ஸ் 38-33 என்று கோப்பையை வென்றது. அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அடுத்த சீசனில் 346 ரைடு புள்ளிகள். ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 39.

2018-ல் அவர் திரும்பியபோது புல்ஸ் அணியில் மாறாமல் இருந்தவர் பயிற்சியாளர் ரண்தீர் சிங். 2016-ல் பத்தொன்பது வயதுப் பையனாகப் பவனை லீகுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தப் பையனின் குதிப்பு எங்கே உதவும், எங்கே ஆபத்தாகும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர். எனவே அந்த முறை பவன் திரும்பியது ஒரு பெயர்ப்பலகைக்கு என்பதைவிட ஒரு மனிதரிடம் என்பதே சரி.

ரைடர் என்பவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு அப்பால் இன்னொரு மீட்டரில் போனஸ் கோடு. பாடிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர் வரை, கைகோத்துச் சங்கிலியாக. பாக் லைனையாவது தாண்ட வேண்டும், யாரையாவது தொட வேண்டும் அல்லது போனஸ் எடுக்க வேண்டும், திரும்பி நடுக்கோட்டுக்கு வர வேண்டும். மூலையில் நிற்பவர் கணுக்காலுக்குப் பாய்வார். கவரில் நிற்பவர் தொடையைக் கட்டுவார் அல்லது தோளால் இடித்து வெளியே தள்ளுவார். பவனின் பெயர் பரவியதற்குக் காரணம் அந்தச் சங்கிலி மூடும் நொடியில் அவர் எடுக்கும் எம்பல். முன்னால் பாய்ந்தவரின் முதுகுக்கு மேலே தாண்டி, காற்றிலேயே உடம்பைத் திருப்பி, கை நுனியோ கால் நுனியோ நடுக்கோட்டைத் தொடுமாறு விழுவார். ‘ஹை ஃப்ளையர்’ என்று பெயர் வந்தது அதனால்.

இதில் முழங்காலுக்கு என்ன வேலை என்று கவனியுங்கள். வேகமாகப் போன உடம்பை நிறுத்துவது, உடனே எதிர்த்திசையில் உந்துவது, உந்தும்போதே திருகுவது. மண்ணில் ஆடினால் கால் கொஞ்சம் சறுக்கும். தோல் உரியும், ஆனால் திருகலில் ஒரு பங்கை மண் வாங்கிக்கொள்ளும். லீகில் விரிக்கும் செயற்கை விரிப்பில் (மேட்) ஷூ பிடித்துக்கொள்கிறது. உடம்பு திரும்பி, பாதம் திரும்பாமல் நின்றால் சுமை முழுக்க மூட்டில் இறங்கும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் ரன்னிங் பேக் என்ற ஆட்டக்காரரின் நிலைமையும் இதுதான். இரண்டு பேரும் தங்களைப் பிடிக்கக் காத்திருப்பவர்களை நோக்கி வேண்டுமென்றே போகிறவர்கள். இரண்டு பேருக்கும் முதலில் கைவிடுவது கால்.

2022 ஆகஸ்ட் ஏலத்தில் தலைவாஸ் பவனை 2.265 கோடிக்கு எடுத்தது. அதுவரை லீகில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அக்டோபர் 8 அன்று, பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில், குஜராத்துக்கு எதிராக முதல் ஆட்டம். பவன் பல வருடம் புல்ஸ் அணிக்கு ஆடிப் பெயர் வாங்கிய நகரம் அது. எதிரணிக் கேப்டன் சந்திரன் ரஞ்சித், தமிழ்நாட்டுக்காரர். முதல் பாதியில் ரஞ்சித் ரைடுக்கு வந்தபோது அவரைப் பிடிக்கப் போன பவனின் முழங்கால் மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. இதைப் பற்றி எழுதியவர்கள் பலரும் 2.265 கோடியைத்தான் பேசினார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அடிபட்டது அவர் ரைடில் இல்லை, பிடிக்கப் போனபோது. புகழுக்குக் காரணமான வேலையைச் செய்யும்போது ஒன்றும் ஆகவில்லை. முக்கிய ரைடரும் தடுப்பில் நின்றாக வேண்டும் என்பது கபடியின் விதி. யாரையும் அந்த வேலைக்கு மட்டும் வெளியே எடுக்க முடியாது. கோடிகள் கொடுத்து ஒரு காலை வாங்கினாலும் அது எல்லாரையும் போலத்தான் களத்தில் நிற்கவேண்டியிருக்கிறது.

அதன் பிறகு நடந்தது அணிக்கு நல்லதாக முடிந்தது. இடம் காலியானதால் நரேந்தர் என்ற இளைஞர் பிரதான ரைடர் ஆனார். தன் முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளிகள். சாகர் ராத்தி கேப்டன் பொறுப்பை ஏற்றார். பயிற்சியாளர் உதயகுமார் பாதியில் விலக, அஷன் குமார் வந்தார். ஆறாவது ஆண்டில் முதன்முறையாகத் தலைவாஸ் அரையிறுதிக்குப் போனது. புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளி வித்தியாசத்தில், 37-39 என்று, தோற்றது. அந்த அணியைத்தான் தமிழ்நாட்டு ரசிகர்கள் இன்றும் அன்போடு நினைக்கிறார்கள். பெரிய ஆட்டக்காரர் இல்லாமல் போனபோது இளைஞர்கள் எழுந்து நின்ற சீசன் அது.

பவனும் எழுந்தார். 2023-ல் டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குக் கேப்டனாகத் தங்கம் வென்றார். ஈரானுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டம் லாபி எனும் பக்கவாட்டுப் பட்டை குறித்த விதியைப் பற்றிய சச்சரவில் வெகுநேரம் நின்று, பிறகு 33-29 என்று முடிந்தது. காயத்துக்குப் பிந்தைய முதல் லீக் சீசனில் 202 ரைடு புள்ளிகள். ஆனால் டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டே இரண்டு ஜெயித்துக் கடைசி இடத்தில் நின்றது. 2024-ல் அவர் விலை 1.725 கோடி. 2025-ல் தலைவாஸ் கொடுத்தது 59.5 லட்சம்.

இந்த நான்கு ஏல விலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஆட்டக்காரரின் உடம்பைச் சந்தை எப்படிப் படிக்கிறது என்பது புரியும். தலைவாஸ் முதல் முறை கொடுத்ததில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரண்டாம் முறை கொடுத்தது. அதே ஏலத்தில் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி. கேப்டனைவிடத் துணைக் கேப்டனுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதில் அவமானம் எதுவும் இல்லை, முப்பதை நெருங்கும் ரைடருக்கு இதுவே நடைமுறை விலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விலையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் திரும்பி வருகிற ஒருவருக்கு அணியில் என்ன இடம் என்பதை விலை மட்டும் தீர்மானித்தால் போதாது.

அந்த அணியில் அர்ஜுனின் நிலையைப் பாருங்கள். அவருக்குத் தலைவாஸ் புதிய அணி. ஆனால் பயிற்சியாளர் சஞ்சீவ் பாலியான் பழைய ஆள். இருவரும் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸில் சேர்ந்து வேலை பார்த்து, 2022 சீசனில் கோப்பையே வாங்கியவர்கள். அந்த ஆண்டு அர்ஜுன் எடுத்தது 296 ரைடு புள்ளிகள். பவனுக்கோ ஜெர்சியில் இருந்த பெயர் பழையது. 2022-ல் அவரை எடுத்த பயிற்சியாளர் இல்லை, அன்றிருந்த திட்டம் இல்லை. ஒரே உடைமாற்றும் அறையில் புதிதாக வந்தவர் பழகிய மனிதரிடம் வந்திருந்தார். திரும்பி வந்தவர் புதியவர்களிடம் வந்திருந்தார். செப்டம்பரில் நடந்த பிரிவுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாகம் ஒன்று சொன்னது, பவன் ஒன்று சொன்னார். 2018-ல் அவரைத் தாங்கிய ஒன்று 2025-ல் இல்லை என்பது மட்டும் யார் பார்த்தாலும் தெரிகிற விஷயம்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. மார்ஷான் லிஞ்ச் சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் ரன்னிங் பேக்காக இருந்தவர். 2011 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக அவர் 67 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தபோது அரங்கம் போட்ட ஆட்டத்தில் அருகே இருந்த நில அதிர்வுக் கருவிகள் அசைந்தன. 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்ற அணியில் இருந்தார். பிறகு ஓய்வு, பிறகு சொந்த ஊரான ஓக்லாந்துக்காக இரண்டு வருடம், மறுபடி ஓய்வு. 2019 டிசம்பரில் சியாட்டிலின் ரன்னிங் பேக்குகள் மூன்று பேர் அடுத்தடுத்துக் காயம்பட்டு விழ, 33 வயதான லிஞ்சைக் கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் பீட் கேரல் அதே ஆள். பந்தை வீசும் ரஸ்ஸல் வில்சன் அதே ஆள். முதல் ஆட்டமே சொந்த அரங்கத்தில்.

எண்களைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆட்டத்தில் 12 ஓட்டங்களில் 34 கெஜம், அணியும் தோற்றது. மொத்தம் மூன்று ஆட்டங்கள்தான் ஆடினார். ஆனால் அந்த மூன்றில் நான்கு டச்டவுன். காரணம் எளிது. நீண்ட ஓட்டத்துக்கு அவர் கால் இனி ஒத்துவராது என்று அவர்களுக்குத் தெரியும். எல்லைக்கோட்டுக்கு ஒன்றிரண்டு கெஜம் இருக்கும்போது கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போக முக்கியமாக அவரைப் பயன்படுத்தினார்கள். வயதானவரிடம் மிச்சம் இருந்தது எதுவோ அதற்கேற்ற வேலையைக் கொடுத்தார்கள். அந்தத் திரும்புதலுக்குக் காலியான இடமும் இருந்தது, தெரிந்த மனிதர்களும் இருந்தார்கள், பார்க்க ஊரும் இருந்தது.

நம் பக்கத்தில், பவன் திரும்பிய கிட்டத்தட்ட அதே சமயத்தில் நடந்தது கிரிக்கெட் வீரர் அஸ்வினின் கதை. 2009 முதல் 2015 வரை சென்னை சூப்பர் கிங்ஸில் ஆடியவர். 2011 இறுதிப் போட்டியில் சேப்பாக்கத்தில் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை டக் அவுட் ஆக்கியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அணி இரண்டு வருடம் தடை செய்யப்பட்டபோது புனே போனார். பிறகு பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான். 2024 நவம்பர் ஏலத்தில் 9.75 கோடிக்குத் திரும்பினார். கால்வாசி விலைக்கு வந்த பவனைப் போலில்லாமல் முழு மரியாதையோடு நடந்த வரவு அது. 2025 சீசனில் அவர் ஆடியது 9 ஆட்டம், எடுத்தது 7 விக்கெட். அணி கடைசி இடத்தில் முடிந்தது. ஆகஸ்ட் 27 அன்று, பவன் விசாகப்பட்டினத்தில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, ஐபிஎல்லிலிருந்து ஓய்வை அறிவித்தார்.

விளையாட்டுக் கணக்கில் இதைத் தோல்வி என்று எழுதிவிடலாம். ஆனால் சேப்பாக்கத்தில் அவர் பந்தை வாங்கிக்கொண்டு முனைக்கு நடந்தபோது அரங்கம் எழுப்பிய சத்தம் எந்தக் கணக்கிலும் வராது. மேற்கு மாம்பலத்துப் பையன் மறுபடி நம் பக்கம் பந்து போடுகிறார் என்பதை ஊர் கண்ணால் பார்த்தது. அவர் போனதும் வந்ததும் ஊருக்குத் தெரிந்த கதை. முடிவு சரியாக அமையாவிட்டாலும் முடிவுரையை ஊர் அங்கேயே இருந்து படித்தது. பவன் விஷயத்தில் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

பவன் டெல்லிக்காரர், அவரை நம் ஊர் ஆள் என்று கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அப்படியானால் கே. பிரபஞ்சனை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் சங்ககிரிக்காரர். 2017-ல் தலைவாஸ் லீகில் நுழைந்தபோதே அந்த அணியின் ரைடர். 2018-ல் குஜராத்துக்குப் போனார். பவன் 22 புள்ளி எடுத்த அந்த இறுதிப் போட்டியில் தோற்ற பக்கத்தில் இருந்தவர். 2019-ல் பெங்கால் வாரியர்ஸில். அந்த அணி கோப்பை வென்றது. 2021-ல் தலைவாஸ் அவரை 71 லட்சத்துக்குத் திரும்ப அழைத்தது. தமிழ் ரைடர், தமிழ் அணி, மேலே இருந்த இடத்திலிருந்து திரும்பி வருகிறார். இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்? ஆனால் அந்த சீசன் முழுவதும், 2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை, பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு ஹோட்டலுக்குள், கொரோனா காரணமாக ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் நடந்தது. தலைவாஸ் பதினோராவது இடம். சங்ககிரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாரும் போய்ப் பார்த்திருக்க முடியாத திரும்புதல் அது.

இங்கேதான் லீகின் அமைப்பு உள்ளே வருகிறது. புரோ கபடியில் கால்பந்து லீகுகளைப் போல ஒரு வாரம் சொந்த ஊர், அடுத்த வாரம் வெளியூர் என்ற ஏற்பாடு இல்லை. எல்லா அணிகளும் ஒரே கூட்டமாக ஊர் ஊராகப் போகும். ஓர் ஊரில் சில நாள் தங்கி ஆடும். அந்த ஊர் அணிக்கு அதுதான் அந்த ஆண்டின் சொந்த ஊர் ஆட்டங்கள். தலைவாஸ் ஆடத் தொடங்கிய 2017 முதல் 2025 வரை எட்டு சீசன். அவற்றில் சென்னைச் சுற்று நடந்தது 2017, 2018, 2019, 2023, 2025 என்று ஐந்து முறை. 2021-லும் 2022-லும் 2024-லும் இல்லை. 2021-ல் தொற்றுநோய், சரி. மற்ற இரண்டும் ஊர்களைக் குறைத்து நடத்துவது என்ற லீகின் முடிவு. ஆட்டங்களைப் பெரும்பான்மையோர் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள், எங்கே நடந்தால் என்ன என்று லீகின் கணக்கு ஓடியிருக்கலாம். ஒரு மாநிலத்தின் பெயரை அணிக்கு வைத்து, அந்த மாநிலத்தில் ஓர் ஆட்டமும் நடத்தாமல் ஒரு சீசனை முடிப்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பயிற்சியாளர் நாற்காலியும் இதே கதைதான். உதயகுமார் 2019-ல் சீசன் நடுவில் வந்தார். 2022-ல் சீசன் நடுவில் போனார். 2024-ல் மறுபடி வந்தார், உடன் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதனையும் உத்திப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், நாற்பது வயதைத் தாண்டியும் லீகில் கணுக்கால் பிடித்தவர். அவ்வளவு பெரிய தமிழ் ஆட்டக்காரர் லீகில் அத்தனை அணிகளுக்கு ஆடியும் தமிழ் அணிக்கு ஒரு நாளும் ஆடியதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. 2025-ல் இருவரும் இல்லை, பாலியான் வந்தார். இப்படி ஆண்டுக்கு ஆண்டு கலைந்து கூடும் அணியில் பழைய ஆள் என்று திரும்பி வருகிறவரை அடையாளம் தெரிந்து வரவேற்க யார் மிச்சம் இருப்பார்கள்?

லீகுக்கு முந்தைய கபடியில் இந்தக் கேள்வியே எழவில்லை. ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கி என்று வேலை கொடுத்த இடமே அணி. பணி ஓய்வுவரை அதே ஜெர்சி. பவனேகூட தேசியப் போட்டிகளில் இந்திய ரயில்வேக்குத்தான் ஆடுகிறார். அந்த அணியை அவர் எந்த ஏலத்துக்காகவும் விட்டுப்போனதில்லை. ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்த தாம்பரத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே கபடி கற்றுக்கொள்ளும் பையன்களின் வீட்டில் அப்பா அம்மா முதலில் கேட்பது அதைத்தான்.

முடிச்சூர், வரதராஜபுரம், மணிமங்கலம், படப்பை என்று இந்தப் பக்கம் பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாவை ஒட்டியும் மின்னொளி கபடி நடக்கும். காலி மனையைச் சமப்படுத்தி, நான்கு மூலையில் கம்பம் நட்டு விளக்குப் போட்டு, சுண்ணாம்பில் கோடு இழுத்திருப்பார்கள். சுழற்கோப்பையும் ரொக்கமும் பரிசு. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நல்ல அணிகள் இறங்கும். பரிசுத் தொகை பெரிதாக இருந்தால் அணிகள் வெளியூர் ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குவதும் உண்டு. கூட்டம் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை; நன்றாகப் பாடினால் கைதட்டும். ஆனால் போன வருடம் நம் அணிக்கு ஆடி, நடுவில் வேறு ஊர் அணிக்குப் போய், இந்த வருடம் திரும்பி வந்தவர் முதல் ரைடுக்குக் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் போகும்போது வரும் சத்தம் தனி. திட்டும் அதில் கலந்திருக்கும், உரிமையும் கலந்திருக்கும். “எங்கடா போன இவ்ளோ நாளா?” என்று யாராவது கத்துவார்கள். அவர் முகத்தில் சிரிப்பு வரும். அடுத்த பிடியில் அவரைத் தூக்கி வெளியே போட்டால் அதே ஆட்கள் நடுவரோடு சண்டைக்குப் போவார்கள்.

ஏலம் இருப்பதால் இந்த வரவேற்பு இல்லாமல் போகவேண்டும் என்று இல்லை. ஐபிஎல்லிலும் ஏலம்தான், அஸ்வினுக்கு அது கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்தும் பணத்தில் ஓடுவதுதான். லிஞ்சுக்கு அது கிடைத்தது. இரண்டு இடத்திலும் ஆட்டக்காரர் போய்வந்தாலும் அரங்கம் அதே இடத்தில் இருந்தது, அவர் திரும்பியபோது அங்கே ஆட்டம் நடந்தது. தலைவாஸ் விஷயத்தில் ஆட்டக்காரரும் நகர்கிறார், அரங்கமும் நகர்கிறது, பயிற்சியாளரும் நகர்கிறார்.

2025 சென்னைச் சுற்றில் அர்ஜுன் நன்றாகவே ஆடினார், அரங்கமும் அவரை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தலைவாஸ் அந்த சீசனில் முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை. சீசன் முடியும் முன்பே, அக்டோபரில், தெற்குச் சென்னையின் இன்னொரு மூலையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடியவர் கண்ணகி நகர் கார்த்திகா. அவர் ஊருக்குத் திரும்பியபோது தெருவே கூடி வரவேற்றது. அந்த வரவேற்புக்கு எந்த லீகும் ஏற்பாடு செய்யவில்லை.

சென்னையில் இந்த விளையாட்டுக்குக் கூட்டம் இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, மின்னொளி ஆட்டங்களிலிருந்து மேலே வரத் துடிக்கும் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பெரியமேட்டில் அரங்கம் இருக்கிறது. தலைவாஸ் அணியிடமும் லீகிடமும் கேட்க வேண்டியவை மூன்றே. ஒவ்வொரு சீசனிலும் தவறாமல் சென்னைச் சுற்று வேண்டும். ஒரு பயிற்சியாளருக்குக் குறைந்தது மூன்று சீசன் கொடுக்க வேண்டும். பழைய ஆட்டக்காரர் ஒருவரைத் திரும்ப அழைத்தால், ஏலத்தில் கையைத் தூக்கும் முன்பே அவருக்கு என்ன வேலை, எந்த நிமிடங்களில், யாரோடு சேர்ந்து என்று அவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். பவனுக்கு 2025 ஜூலையில் வயது 29. லிஞ்ச் சியாட்டிலுக்குத் திரும்பியபோது இருந்த வயதைவிட நான்கு குறைவு. எந்த அணிக்கு ஆடினாலும் அவர் சென்னையில் இன்னும் பல ரைடுகள் போகலாம். அப்போது பெரியமேட்டு அரங்கத்தில் அவரைப் பார்த்துக் கைதட்டலாமா, சத்தம் போடலாமா என்று தலைவாஸ் ரசிகர்கள்தான் முடிவு செய்யவேண்டியிருக்கும்.